கிஷிப் புகையிரத நிலையமும் அதனைக் காத்தோரும்

யப்பானியப் புகையிரதம் என்றதும், 1964 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் என்னும் அதிவேக வண்டியே உலகத்தார் உள்ளத்தில் முதலில் தோன்றும். வேகமும் காலந்தவறாமையும் அந்நாட்டுப் புகையிரத சேவையின் இரு கண்களெனப் போற்றப்படுவன. ஆயின், அப்பெருஞ் சிறப்புக்கு அப்பால், மலையடிவாரங்களையும் வயல்வெளிகளையும் ஊடறுத்து, ஒரு பெட்டியோ இரு பெட்டிகளோ கொண்ட வண்டிகள் மெல்லச் செல்லும் சிறு பாதைகள் பலவும் அந்நாட்டில் உள. அவற்றின் அண்மைக்கால வரலாறு பெரும்பாலும் தேய்வின் வரலாறே. அத்தகைய பாதையொன்றின் முடிவிடத்தில் உள்ள கிஷி என்னும் சிறு நிலையம், 2007 ஆம் ஆண்டில் ஒரு பூனையை நிலைய அதிபராகப் பெற்று உலகப்புகழ் எய்தியது. அச்செய்தியைக் கேட்டு நகைத்தோரும் பலர், மகிழ்ந்தோரும் பலர். எனினும், அந்நிலையம் அழிவினின்று தப்பியது எவ்வாறு என்னும் வினாவுக்குப் பூனை மட்டும் விடையாகாது. பூனையைச் சூழ்ந்து நின்ற மாந்தரின் முயற்சியையும் சேர்த்து நோக்கினாலன்றி அவ்வரலாறு விளங்காது.

கிஷி நிலையம் ஹொன்ஷூத் தீவில், ஒசாக்கா நகரத்துக்குத் தெற்கே, கீ குடாநாட்டின் மேற்குப் பகுதியில் அமைந்த வாக்கயாமா மாகாணத்தில் உள்ளது. மாகாணத்தின் தலைநகராகிய வாக்கயாமாவிலிருந்து கிழக்குமுகமாகப் புறப்படும் கிஷிகாவாப் பாதை, 14.3 கிலோமீற்றர் சென்று கிஷியில் முடிவடைகின்றது. இடையிலுள்ளவற்றையும் இரு முனைகளையும் கூட்டின் நிலையங்கள் 14 ஆகும். பிரயாண நேரம் அரைமணி அளவினதே. கிஷி நிலையம் இருக்குமிடம் முன்னர் கிஷிகாவா என்னும் பட்டினமாக விளங்கி, 2005 ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில் அயற்பட்டினங்களுடன் இணைந்து கினோக்காவா நகரமாயிற்று. ஸ்றோபெரிப் பழச்செய்கைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. ஒற்றைத் தண்டவாளம், ஒரேயொரு மேடை, அதனருகே ஒரு கட்டடம் என்னும் அளவோடு அமைந்தது அந்நிலையம்.

இப்பாதை தோன்றியதற்குக் காரணம் வாணிகமன்று, வழிபாடே. வாக்கயாமாவை அடுத்து மூன்று பழைய ஷின்ரோ ஆலயங்கள் உள்ளன. ஒரே வளவில் இரு சந்நிதிகளைக் கொண்ட ஹினோக்குமா-குனிக்காக்காசு ஆலயம் முதலாவது. யப்பானின் முதற் பேரரசராக மரபுவழி கூறப்படும் ஜிம்முவின் தமையனாருக்குரிய காமயாமா ஆலயம் இரண்டாவது. நாடெங்கும் மரவித்துக்களை விதைத்ததாகப் புராணம் கூறும் தெய்வத்துக்குரிய இத்தாக்கிசோ ஆலயம் மூன்றாவது. இம்மூன்றனையும் ஒருநாளில் தரிசித்து மீள்தல் அப்பகுதி மக்களின் வழக்கமாகும். அவ்வடியார்களை ஏற்றிச் செல்லும் பொருட்டு 1916 ஆம் ஆண்டில் ஒரு சிறிய கம்பனி இப்பாதையின் முதற் பகுதியைத் திறந்தது. 1933 ஆம் ஆண்டில் பாதை கிஷிவரை நீட்டப்பெற்றது. பின்னர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மின்சார வண்டிகள் ஓடலாயின. கம்பனிகள் கைமாறிக் கைமாறி, 1961 ஆம் ஆண்டில் ஒசாக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட நன்காய் மின்சாரப் புகையிரதக் கம்பனியிடம் பாதை சேர்ந்தது. ஆயினும், நன்காய்க் கம்பனியின் ஏனைய பாதைகளோடு இஃது இணையவில்லை. பெருங்குடும்பத்திற் பிறந்தும் தனியே ஒதுங்கி வாழும் பிள்ளை போன்ற நிலையே அதற்கு வாய்த்தது.

சிறு பாதைகள் ஏன் நலிவுறுகின்றன என்பதை ஈண்டு விளக்குதல் வேண்டும். ஒரு புகையிரதப் பாதையின் செலவிற் பெரும்பங்கு, ஏறுவோர் தொகையைப் பொறுத்ததன்று. தண்டவாளத்தைப் பேணுதல், பாலங்களைப் பரிசோதித்தல், சைகை விளக்குகளையும் மின்கம்பிகளையும் பழுதுபார்த்தல், சாரதிக்குச் சம்பளம் கொடுத்தல் ஆகியன வண்டியில் பத்துப்பேர் செல்லினும் நூறுபேர் செல்லினும் ஒரே அளவினவாகவே நிற்கும். வருமானமோ ஏறுவோர் தொகையோடு ஏறியிறங்கும். ஆதலின், பிரயாணிகள் சிறிது குறையினும் நட்டம் பெரிதாகின்றது. நட்டத்தைக் குறைக்கும் பொருட்டுக் கம்பனி வண்டிகளின் தொகையைக் குறைக்கும், கட்டணத்தை உயர்த்தும், நிலையங்களிலுள்ள உத்தியோகத்தரை நீக்கும். அவற்றால் வசதி குன்றவே, எஞ்சிய பிரயாணிகளிலும் ஒருபகுதியினர் மோட்டார் வண்டியை நாடுவர். மறுபடியும் வருமானம் குறையும். இவ்வாறு மருந்தே நோயை வளர்ப்பதாய் முடியும்.

1960 ஆம் ஆண்டுகள் தொடக்கம் யப்பானிய இல்லங்களில் மோட்டார் வண்டி பெருகியது. நாட்டுப்புற இளைஞர் தொழில் நாடி நகரங்களுக்குச் சென்றனர். பிறப்புக் குறைந்தமையால் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளின் தொகையும் நாளடைவில் அருகியது. இம்மூன்று காரணங்களும் ஒருங்கு கூடி நாட்டுப்புறப் பாதைகளைத் தாக்கின. அரசாங்கத்துக்குரிய தேசியப் புகையிரத சேவை பெருங்கடனில் ஆழ்ந்தபோது, 1980 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டமொன்றின் கீழ் 83 சிறு பாதைகள் அதன் பொறுப்பினின்று நீக்கப்பட வேண்டியன எனக் குறிக்கப்பட்டன. அவற்றுள் 45 பாதைகளில் தண்டவாளம் அகற்றப்பட்டுப் பஸ் சேவை இடம்பெற்றது. எஞ்சிய 38 பாதைகளே வேறு நிருவாகங்களின் கீழ்ப் புகையிரதப் பாதைகளாக நிலைத்தன. தேசிய சேவையும் 1987 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் பல கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டது.

தனியார் பாதைகளும் இவ்விதிக்கு விலக்காகவில்லை. ஒரு பாதையைக் கைவிட விரும்பும் கம்பனி அமைச்சரின் அனுமதியைப் பெறவேண்டும் என்பது முன்னைய விதி. 2000 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஓராண்டுக்கு முன் அறிவித்தாலே போதும் என்றாயிற்று. வாக்கயாமா மாகாணத்திலேயே இரு சிறு பாதைகள் அடுத்தடுத்து மறைந்தன. கிஷிகாவாப் பாதைக்குத் தெற்கே ஓடிய நொக்காமி மின்சாரப் பாதை 1994 ஆம் ஆண்டிலும், அரிதாப் பாதை 2002 ஆம் ஆண்டின் இறுதிநாளிலும் மூடப்பட்டன. ஆகவே, தம் ஊருக்கு வரவிருப்பது யாதென்பதைக் கிஷிகாவாப் பகுதியினர் ஏட்டிற் கற்க வேண்டியிருக்கவில்லை, அயலிலே கண்டிருந்தனர்.

கிஷிகாவாப் பாதையில் 1974 ஆம் ஆண்டளவில் ஆண்டொன்றுக்கு 36 இலட்சம் பேர் பிரயாணஞ் செய்தனர். முப்பது ஆண்டுகள் கழிந்தபின் அத்தொகை ஏறத்தாழ 19 இலட்சமாகச் சுருங்கியது. ஆண்டு நட்டம் 50 கோடி யென் அளவுக்கு வளர்ந்தது. 2004 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில், தான் இப்பாதையை விட்டு நீங்குவதாக நன்காய்க் கம்பனி முறைப்படி அறிவித்தது. கம்பனியின் நோக்கில் அது தவறான முடிவன்று. நட்டந்தரும் முயற்சியை எக்காலமும் தாங்குதல் எந்த வணிக நிறுவனத்துக்கும் இயலாது. ஆனால், கம்பனியின் கணக்கேட்டில் இடம்பெறாத கணக்கொன்றும் உண்டு. யப்பானில் பதினெட்டு வயது நிரம்பாதார் மோட்டார் வண்டி செலுத்துதல் ஆகாது. உயர்தரப் பாடசாலை மாணவருக்குப் புகையிரதமே கால். கண்மங்கிய முதியோர், வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளர் ஆகியோருக்கும் அதுவே துணை. பாதை மூடப்படின் இவர்களுள் ஒருசாரார் பெற்றோரையும் பிள்ளைகளையும் எதிர்பார்த்து நிற்பர். ஒருசாரார் ஊரைவிட்டே பெயர்வர். தெருக்களில் நெருக்கடி மிகும். அவ்விழப்புக்கள் யாவும் ஊராரின் தலையிலேயே விழும். மேலும், ஒருமுறை பெயர்த்த தண்டவாளத்தை மீண்டும் இடுதல் அரிதினும் அரிது.

இவ்வுண்மையை உணர்ந்த ஊரார் அவ்வாண்டு செத்தெம்பர் மாதத்திலேயே ஒரு சங்கம் அமைத்தனர். கிஷிகாவாப் பாதையின் எதிர்காலத்தை ஆக்குவோர் சங்கம் என்பது அதன் பெயரின் பொருள். பாதையைக் காக்கக் கோருவோர் சங்கம் எனப் பெயரிடாது, ஆக்குவோர் சங்கம் எனப் பெயரிட்டமை கருதத்தக்கது. பிறரை நோக்கிக் கோரிக்கை விடுப்பதோடு அமையாது, தாமே செய்ய வேண்டியது யாது என அவர்கள் வினாவினர். ஆண்டுச் சந்தா ஆயிரம் யென் செலுத்தி ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கத்தவராயினர். வண்டியில் ஏறுவதே பாதையைக் காக்கும் வழி என்பதனைச் சங்கத்தார் வீடுதோறும் எடுத்துரைத்தனர். கிளர்ச்சிகளில் குரல் கொடுப்போர் பலராயினும் கட்டணங் கொடுப்போர் சிலராதல் உலகியல்பு. அவ்வியல்பை வென்றதே இச்சங்கத்தின் சிறப்பு.

மக்களின் உறுதியைக் கண்ட மாகாண நிருவாகமும் நகராட்சிகளும் முன்வந்தன. பாதையின் நிலத்தை உள்ளூராட்சிகள் வாங்கி உடைமையாக்கிக் கொள்வதென்றும், அதற்கான பணத்தை மாகாணம் உதவுவதென்றும் உடன்பாடு ஏற்பட்டது. பத்து ஆண்டுகளில் ஏற்படக்கூடிய நட்டத்தை மொத்தம் 82 கோடி யென் வரையில் வாக்கயாமா நகரமும் கிஷிகாவாப் பட்டினமும் பொறுப்பேற்க இசைந்தன. பாதையை நடத்த விரும்புவோரை 2005 ஆம் ஆண்டில் பகிரங்கமாக அழைத்தபோது, ஒக்கயாமா நகரத்தில் திராம் வண்டி நடத்திவந்த கம்பனி தெரிவுசெய்யப்பட்டது. அக்கம்பனி வாக்கயாமா மின்சாரப் புகையிரதக் கம்பனி என்னும் கிளையொன்றை நிறுவி, 2006 ஆம் ஆண்டு ஏப்பிரில் 1 ஆம் திகதி சேவையைத் தொடங்கியது. நிலம் பொதுமக்களுடையது, நடத்துவோர் தனியார், மேற்பார்வைக் குழுவில் ஊராருக்கும் இடம் உண்டு. இம்மூன்றும் கூடிய ஏற்பாடே பாதையின் புதிய அத்திவாரமாயிற்று.

புதிய கம்பனி சிக்கனத்தையே முதலில் மேற்கொண்டது. இரண்டொரு நிலையங்கள் ஒழிய ஏனையவற்றில் உத்தியோகத்தர் நீக்கப்பட்டனர். சாரதி ஒருவரே வண்டியைச் செலுத்திக் கட்டணத்தையும் பெறுவார். கிஷி நிலையமும் ஆளில்லா நிலையமாயிற்று. ஒரு பாதையின் முடிவிடம் ஆளரவமின்றிக் கிடப்பது, வீட்டின் முற்றத்தில் விளக்கில்லாமை போன்றது. அந்நிலையிலேதான் பூனை இவ்வரலாற்றில் நுழைகின்றது.

நிலையத்தை அடுத்துச் சிறுகடை நடத்திவந்த ஒருவர் பூனைகள் சிலவற்றை வளர்த்துவந்தார். அவற்றுள் ஒன்று, 1999 ஆம் ஆண்டிற் பிறந்த தாமா என்னும் மூவண்ணப் பெண்பூனை. நிலையத்தை அண்டிய நிலம் உள்ளூராட்சியின் கைக்கு மாறியபோது, அங்கிருந்த பூனைக்குடிலை அகற்ற வேண்டியதாயிற்று. பூனைகளை நிலையத்துக்குள் வாழவிடுமாறு கடைக்காரர் கம்பனித் தலைவர் மிட்சுனொபு கொஜிமாவிடம் வேண்டினார். தலைவருக்குப் பூனையைக் கண்டவுடன் நிலைய அதிபர் தொப்பி அணிந்த அதன் தோற்றம் மனக்கண்ணில் தோன்றியதாம். முன்னங்காலை உயர்த்தி வாடிக்கையாளரை அழைக்கும் பூனைப் பதுமையைக் கடைவாயிலில் வைப்பது யப்பானியர் வழக்கம். ஆதலின், ஆட்களை அழைக்கும் பூனை என்னும் எண்ணம் அம்மக்களுக்குப் புதியதன்று. 2007 ஆம் ஆண்டு சனவரி மாதம் 5 ஆம் திகதி தாமா கிஷி நிலைய அதிபராக முறைப்படி நியமிக்கப்பட்டது. உடனிருந்த வேறிரு பூனைகள் உதவி அதிபர்களாயின. அதிபரின் கடமை பிரயாணிகளை வரவேற்றல், சம்பளம் பூனையுணவு.

செய்தி விரைந்து பரவியது. வெளிநாடுகளிலிருந்தும் மக்கள் பூனையைக் காண வந்தனர். 2007 ஆம் ஆண்டில் தாமாவால் அப்பகுதிக்கு விளைந்த பொருளாதாரப் பயன் 110 கோடி யென் என கன்சாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் மதிப்பிட்டார். 2008 ஆம் ஆண்டில் மாகாண ஆளுநர் தாமாவுக்குக் கௌரவ விருது அளித்தார். கம்பனியும் ஆண்டுகள் செல்லச் செல்ல அதனைப் பதவி உயர்த்தி, நிருவாகிகளுள் ஒருவராகவும் பெயரளவில் ஆக்கிற்று. வண்டிகளும் புதுக்கோலம் பூண்டன. எயிஜி மித்தோக்கா என்னும் வடிவமைப்பாளரின் கைவண்ணத்தில் 2006 ஆம் ஆண்டில் ஸ்றோபெரி வண்டியும், 2007 இல் விளையாட்டுப்பொருள் வண்டியும், 2009 இல் தாமா வண்டியும் ஓடத்தொடங்கின. பழைய வண்டிகளே புதுக்கப்பெற்றன; புதியன வாங்கப்படவில்லை. புதுக்கும் செலவுக்குப் பொதுமக்கள் நன்கொடை அளித்தனர். 2010 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் கிஷி நிலையக் கட்டடமும் புதிதாக எழுந்தது. மரப்பட்டை வேய்ந்த கூரையின் மேல் இரு செவிகள். முகப்பில் கண்கள் போன்ற இரு சாளரங்கள். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அமர்ந்திருக்கும் பூனையின் முகம் புலப்படும். ஆலயக் கூரைகளுக்கு மரப்பட்டை வேயும் பழந்தொழில் முறையே அங்குக் கையாளப்பெற்றது.

இவ்விடத்தில் ஒரு கால ஒழுங்கை உற்றுநோக்குதல் தகும். பாதையைக் காத்தது பூனையே என்பது பத்திரிகைகள் பரப்பிய கருத்து. யப்பானியப் புகையிரதக் கணக்காண்டு ஏப்பிரில் முதல் மார்ச்சு வரையுள்ளது. பழைய கம்பனியின் இறுதியாண்டில் ஏறத்தாழ 19 இலட்சமாயிருந்த பிரயாணிகள் தொகை, புதிய கம்பனியின் முதலாண்டில் 21 இலட்சமாக உயர்ந்தது. அம்முதலாண்டின் பன்னிரண்டு மாதங்களில் ஒன்பது கழிந்த பின்னரே தாமா பதவியேற்றது. ஆகவே, முதலில் திரும்பி வந்தவர்கள் பூனையைக் காணவந்த உல்லாசப் பிரயாணிகள் அல்லர். தம் பாதையைத் தாமே காக்கவேண்டுமென்று ஏறிய ஊராரே பெரும்பாலார். அவர்கள் வைத்த அடுப்பில் பூனை நெருப்பை மூட்டியதன்று. எரிந்துகொண்டிருந்த நெருப்பை ஊருலகம் காணச் செய்தது. சங்கமும் உடன்பாடும் இல்லாதிருந்தால், 2006 ஆம் ஆண்டில் தண்டவாளம் அகற்றப்பட்டிருக்கும். தாமாவும் ஒரு கடையின் பூனையாகவே வாழ்ந்து மறைந்திருக்கும்.

அதற்காகப் பூனையின் தொண்டு சிறிதென்று கொள்ளல் ஆகாது. ஊக்கம் எடுத்துத் தொடங்குவார் பலர். அதனைப் பத்தாண்டு பேணுவார் சிலரே. உறுதியால் தொடங்கிய முயற்சி சலிப்பால் தளராதவாறு மகிழ்ச்சி அதனைத் தாங்கவேண்டும். அம்மகிழ்ச்சியைத் தாமா அளித்தது. நட்டம், மானியம், சட்டம் என்னும் வறண்ட சொற்களால் மக்கள் மனத்தில் பதியாத ஒன்று, தொப்பியணிந்த பூனையின் உருவில் எளிதிற் பதிந்தது. 2015 ஆம் ஆண்டளவில் பிரயாணிகள் தொகை ஏறத்தாழ 23 இலட்சமாயிற்று.

அவ்வாண்டு யூன் மாதம் 22 ஆம் திகதி தாமா தனது பதினாறாம் வயதில் இறந்தது. நிலையத்தில் ஷின்ரோ முறைப்படி நடந்த இறுதிச் சடங்கில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கலந்துகொண்டனர். கௌரவ நிரந்தர நிலைய அதிபர் என்னும் பட்டம் அதற்குச் சூட்டப்பட்டது. ஆகத்து மாதத்தில் மேடையருகே சிறு ஆலயம் அமைத்துப் பாதையின் காவல் தெய்வமாக அதனை வழிபடலாயினர். மலைக்கும் மரத்துக்கும் மட்டுமன்றி, மக்களுக்கு நன்மை செய்த உயிர்களுக்கும் தெய்வத்தன்மை கற்பித்தல் ஷின்ரோ மரபுக்கு இயல்பானது. நிதாமா, அதாவது இரண்டாந் தாமா, என்னும் பூனை அடுத்த அதிபராயிற்று. மூன்று ஆலயங்களுக்கு அடியாரை ஏற்றிச் செல்லப் பிறந்த பாதையில் நான்காவதாக ஓர் ஆலயம், அதுவும் நிலையத்தின் உள்ளேயே, தோன்றியமை வியத்தற்குரியது.

எனினும், வெற்றியை மிகைப்படுத்திக் கூறுதல் உண்மைக்குப் பொருந்தாது. பிரயாணிகள் பெருகியபோதும் பாதை இலாபம் ஈட்டவில்லை. நட்டம் முன்னையதினும் மிகக் குறைந்தது என்பதே சரியான கூற்று. ஆண்டுகள் செல்ல மின்கம்பிகளும் பாலங்களும் பழுதடைகின்றன; அவற்றைப் புதுக்கும் செலவைப் பூனைப் படம் பொறித்த பொருள்களின் விற்பனை ஈடுசெய்யாது. பத்தாண்டு உடன்பாடு 2016 ஆம் ஆண்டில் முடிந்தபோது, மாகாணமும் நகராட்சிகளும் சாதனங்களைப் புதுக்கும் செலவுக்கு உதவும் வகையில் ஏற்பாடு மாற்றப்பட்டது. 2020 ஆம் ஆண்டில் பரவிய கொரோனாத் தொற்று உல்லாசப் பிரயாணிகளின் வருகையைத் தடுத்தமையால், பிரயாணிகள் தொகை மீண்டும் வீழ்ந்தது. தொலைவிலிருந்து வருவோர் ஒருநாள் வந்து ஒருநாள் நின்றுவிடுவர். நாள்தோறும் ஏறும் மாணவரும் முதியோருமே பாதையின் உயிர் என்பதை அக்காலம் மறுபடியும் உணர்த்திற்று.

ஆகவே, கிஷி நிலையத்தின் வரலாறு விந்தைச் செய்தியன்று. ஒரு பொதுச்சேவையின் பெறுமதியை அளப்பது எவ்வாறு என்னும் வினாவுக்குரிய விடையாகும். சீட்டு விற்ற பணத்தால் மட்டும் அளந்தால் அந்நிலையம் 2006 ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டிருக்க வேண்டியது. அதனைப் பயன்படுத்துவோர், அதன் பொருட்டு எதனைத் தரத் தாமே ஒருப்பட்டனர் என்பதைக் கொண்டு அளந்தமையால் அது நின்றது. சந்தா கொடுத்தோர், வரிப்பணத்தைப் பகிர்ந்தளித்த நகரத்தார், நட்டமென்று அறிந்தும் பொறுப்பேற்ற கம்பனியார் ஆகிய மூவரும் இழுத்த தேரில், பூனை முன்னே அமர்ந்து சென்றது. காண்போர் கண்ணிற் படுவது முன்னே அமர்ந்திருப்பதே. தேர் நிலையினின்று நகர்ந்ததோ வடம்பிடித்தோரின் கைகளால்.